பரமநாதன் சுடாத மூன்று தாராக்கள்

பரமநாதன் சொல்லியிருந்தால் இதை நான் நம்பியிருக்க மாட்டேன். சொன்னது கம்சிகா. பரமநாதனின் மனைவி தங்கேஸ்வரியக்காவின் தமக்கை மகள், பதினெட்டு வயது. பொய் சொல்லத் தேவையே இல்லாத அளவுக்கு வாய்க்கொழுப்பு உள்ள பிள்ளை.

நோர்வேயில் நாங்கள் இருக்கும் ரொம்சோஸில் பரமநாதனை எல்லாருக்கும் தெரியும். பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறார். செப்டம்பர் பிறந்தால் அங்கே சாப்பாட்டு அறையில் நோர்வேஜியர்கள் தாங்கள் சுட்டதைத் தவிர வேறொன்றும் கதைப்பதில்லை. கேட்டுக் கேட்டு மனுசனுக்கும் ஆசை பிடித்துவிட்டது. வேட்டைச் சோதனையில் முதல் தடவை கோட்டைவிட்டு, இரண்டாம் தடவை பாஸ் பண்ணி, துவக்கு ஒன்று வாங்கினார். துவக்கு வைத்திருப்பவர் அதைப் பூட்டி வைக்க இரும்பு அலமாரியும் வைத்திருக்க வேண்டும். தங்கேஸ்வரியக்கா ஃப்ரீசர் வைக்க நினைத்திருந்த மூலையில் அந்த அலமாரி வந்து நின்றுகொண்டது.

முதல் வருடமே, தான் சுட்ட காட்டு வாத்து என்று சொல்லி, எங்களைக் காட்டுத்தாராக் கறிக்குக் கூப்பிட்டார். சேற்றில் முழங்கால் புதைய நின்றதையும் ஒரே வெடியில் விழுத்தியதையும் ஒரு மணித்தியாலம் அளந்து கொட்டினார். அவர் சொல்லி முடியும்வரை பொறுத்திருந்த தங்கேஸ்வரியக்கா, தாராவின் வயிற்றுக்குள் இருந்த சின்னப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே ஈரல். அந்தக் காட்டுத்தாரா தன் ஈரலைத் தானே பொதி கட்டி வைத்திருந்தது. கடையில் வாங்கிய ஐஸ் தாரா. கறி மட்டும் திறம்.

அதற்குப் பிறகு வெளியே மழை பெய்கிறது என்று பரமநாதன் சொன்னாலும் நாங்கள் யன்னலை எட்டிப் பார்த்தோம்.

அடுத்த இரண்டு வருடமும் வெறுங்கை. 2006இல் தங்கேஸ்வரியக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்தச் சனிக்கிழமை ஒரு தாராவாவது வரவேணும். இல்லாட்டி துவக்கும் வேண்டாம், அலமாரியும் வேண்டாம்."

ஆனால் அது புரட்டாதிச் சனி. கிளிநொச்சியில் இருக்கும் தம்பிக்கு ஏழரைச் சனி என்று தங்கேஸ்வரியக்கா விரதம் பிடித்துக்கொண்டிருந்தார். ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கி, கிளிநொச்சிப் பாதையும் பூட்டி, போன் லைனும் அறுந்ததிலிருந்து தம்பியின் குரலையே கேட்கவில்லை. காகத்துக்குச் சோறு வைத்து, அது தின்ற பிறகுதான் அவர் வாயில் தண்ணீர் படும். முந்தின சனி பல்கனியில் வைத்த சோற்றுக்குக் கடற்பறவைகள் படையெடுத்து, கீழ்வீட்டுக்காரியின் பூச்சாடியை உடைத்து, பறவைக்குத் தீனி போடக்கூடாதென்று கட்டட நிர்வாகத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது. ஆகவே எள்ளுச்சோறு அலுமினியத் தாளில் பொதியாகி, தோட்டாக்களோடு பரமநாதனின் பைக்குள் போனது.

"காகம் சாப்பிட்ட உடனை எனக்கு போன் எடுங்கோ. சாப்பிடாமல் சாப்பிட்டதெண்டு புளுகினியளோ, தம்பிக்கு ஒண்டு நடந்தால் உங்களைச் சும்மா விடமாட்டன்."

சுடவும் போகிறார், படைக்கவும் போகிறார். சனீஸ்வரனுக்கே தலை சுற்றியிருக்கும்.

போன இடம் ரூமரிக்கே பக்கம், டிப்போ நண்பர் ஒருவரின் தமையனுடைய வயலுக்கு நடுவில் இருந்த குளம். விடியுமுன்பே நாணலுக்குள் மூன்று பேர் பதுங்கினார்கள். பரமநாதன், கம்சிகா, கம்சிகா தன் சிநேகிதி வீட்டில் இரவல் வாங்கிய ட்ரூல்ஸ் என்ற லாப்ரடோர் நாய். கம்சிகாவும் வேட்டைச் சோதனை பாஸ் பண்ணியவள்தான், அதுவும் முதல் தடவையிலேயே. துவக்குத்தான் இன்னும் வாங்கவில்லை.

"சித்தப்பா, சிக்ரிங் போடுங்கோ," என்று துவக்கின் பூட்டைக் காட்டினாள். "தாரா சாகுதோ இல்லையோ, நான் சாகக்கூடாது."

சோற்றைச் சற்றுத் தள்ளி ஒரு மரக்குற்றியில் வைத்தார்கள். நல்லெண்ணெய் மணத்துக்கு ட்ரூல்ஸின் வாயிலிருந்து வீணி வடிந்தது.

வெளிச்சம் வரும்போது தாராக் கூட்டமொன்று தாழப் பறந்து வந்தது. பரமநாதன் துவக்கைத் தூக்கினார். சட்டைப் பைக்குள் போன் நாதஸ்வரம் வாசித்தது. கூட்டம் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

"காகம் சாப்பிட்டதோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப அங்கை என்னதான் செய்யிறியள்?"

காகங்கள் இல்லாமலில்லை. மர உச்சியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தன. இந்த ஊர்க் காகத்துக்குத் தலையும் செட்டையும்தான் கறுப்பு, உடம்பு சாம்பல். கையில்லாத கம்பளிச் சட்டை போட்ட மாதிரி இருக்கும்.

"இது சரிவருமோ சித்தப்பா? சாம்பலாயெல்லோ இருக்கு."

"அகதியா வந்த சனீஸ்வரனுக்கு உள்ளூர் வாகனம்தான் கிடைக்கும்."

ஒன்பதரை ஆகியும் ஒரு காகமும் இறங்கவில்லை. துவக்கைக் கண்டால் காகம் கிட்ட வராது, அதை உறைக்குள் வையுங்கள் என்று கம்சிகா சொன்னாள். பரமநாதன் கனநேரம் குளத்தையே பார்த்தார். போன சனி பசியில் தங்கேஸ்வரியக்கா தலை சுற்றி அடுப்படியில் குந்திவிட்டது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தோட்டாவைக் கழற்றி, துவக்கை உறைக்குள் போட்டு, ஸிப்பை இழுத்தார். வேட்டை உடுப்போடு குந்தியிருந்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். ட்ரூல்ஸும் கூடச் சேர்ந்து ஊளையிட்டது.

கடைசியில் ஒரு காகம் குற்றியின் ஓரத்தில் வந்து இறங்கியது. அதே நேரம் பார்த்து மூன்று கொழுத்த தாராக்கள் குளத்தில் தொப்பென்று இறங்கின. அவ்வளவு கிட்ட. பரமநாதன் கண்ணை மூடிச் சுட்டாலும் ஒன்று விழும்.

"சித்தப்பா! துவக்கு!" என்று கம்சிகா கிசுகிசுத்தாள்.

அவருடைய கை ஸிப்புக்குப் போனது. காகம் தலையைச் சரித்து அந்தக் கையைப் பார்த்தது. கை நின்றுவிட்டது.

காகம் ஒரு வாய் எடுத்தது. பிறகு இன்னொரு வாய். தாராக்கள் மூன்றும் ஆறுதலாக நீந்தி, செட்டையைக் கோதி, வந்த அலுவல் முடிந்த மாதிரி எழும்பிப் பறந்தன. பரமநாதனின் கண்ணால் தண்ணீர் ஓடியது. குளிருக்கு என்று அவர் சொன்னாராம். குளிருக்கு ஆரும் விக்கி விக்கி அழுவார்களா என்று கம்சிகா என்னிடம் கேட்டாள். காகம் போனதும் ட்ரூல்ஸ் மிச்சச் சோற்றை அலுமினியத் தாளோடு விழுங்கப் பார்த்தது.

பரமநாதன் போன் எடுத்தார்.

"சாப்பிட்டிட்டுது. மூண்டு தாரா முன்னாலை வந்து இருந்தது, நான் சுடேல்லை. துவக்கைத் தொட்டிருந்தால் காகம் பறந்திருக்கும்."

"ஈரலைப் பையிலை போட்டுக்கொண்டு வந்த தாராக்களோ? போனைக் கம்சிகாட்டைக் குடுங்கோ."

கம்சிகா வாங்கினாள். "ஓம் சித்தி. மூண்டு. நான் கண்டனான். காகம் சாப்பிட்டதையும் கண்டனான்."

மறுமுனையில் தங்கேஸ்வரியக்கா தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப அலமாரி, சித்தி?"

"அது நிக்கட்டும். இன்னும் ரெண்டு சனி கிடக்கு. காகத்துக்கு ஆர் வைக்கிறது?" இன்னொரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "தம்பியின்ரை லைன் கிடைச்சால் முதல் இதைத்தான் சொல்லுவன். அத்தான் உனக்காண்டி மூண்டு தாராவை விட்டவர் எண்டு. அவன் நம்பமாட்டான், பிள்ளை. நீயும் பக்கத்திலை நிண்டு சொல்லவேணும்."