வீட்டில் யாரோடு சண்டை?

புத்தகம் விற்பது பெரிய கம்பசூத்திரம் இல்லை. பத்து வயதுப் பெண் படிக்க வேண்டிய புத்தகத்தை அவள் அம்மாவின் கையைத் தாண்டி அவள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். நாள் முழுக்கக் கடையில் நின்று கால் வீங்கிப்போன என் இனத்தவரே, உங்களுக்கு இது புரியும்.

எங்கள் கடை பிரிக்பீல்ட்ஸில். வாசலிலிருந்து பயிற்சி நூல்கள், அப்புறம் ஊதுபத்தி, வாழ்த்து அட்டை, ஜாதகப் புத்தகம். நடுவில் ஒரே ஒரு அலமாரி என்னுடையது. அதில் பிள்ளைகளுக்கான நாவல்கள் மட்டும், அதிலும் பெண் பிள்ளைகளும் அவர்கள் வீட்டு மனிதர்களும் வருகிற கதைகள் மட்டும். புதையல் தேடும் பையன்களுக்கும் திருடனைப் பிடிக்கும் பையன்களுக்கும் உலகத்தில் எல்லாக் கடையிலும் இடம் இருக்கிறது. அக்காவோடு ஒரே அறையில் படுத்து, அம்மாவிடம் திட்டு வாங்கி, அப்பா எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு ஓர் அலமாரி கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வயது என்ன, எந்த வகுப்பு என்று நான் கேட்பதில்லை. அதைக் கேட்டால் பயிற்சி நூல்தான் எடுத்துக் கொடுக்க முடியும். நான் பிள்ளையைப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: “வீட்ல யாரோட சண்டை?” அலமாரியை அடுக்கியிருப்பதும் அப்படித்தான். மேல்தட்டில் ‘அம்மா’, அதற்குக் கீழே ‘அக்கா தங்கை’, அப்புறம் ‘அப்பா’, அடித்தட்டில் ‘புதிதாகப் பிறந்த தம்பி’ என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். தமிழ், இங்கிலீஷ் எல்லாம் கலந்துதான் இருக்கும். கல்லாவில் இருக்கும் மேரி அக்கா இதற்குச் சண்டை அலமாரி என்று பேர் வைத்துவிட்டார். முதலாளி கணேசனுக்கு, எங்கள் வாயில் அவர் ‘பாஸ்’, இந்தக் கேள்வியே ஆகாது. “கஸ்டமர் வீட்டு விஷயம் உனக்கு எதுக்கு? இனிமே ஒரு பெரிய கம்ப்ளெயின் வந்துச்சு, அந்த இடத்துல பயிற்சி நூல் வச்சிருவேன்” என்று சொல்லிவிட்டார். நான் தலையை ஆட்டினேன். அடுத்த பிள்ளையிடம் அதையேதான் கேட்டேன்.

சமாதானமான குடும்பம்

ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் உடுப்பிலேயே ஓர் அம்மா வந்தார். அவர் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், நாலாம் ஆண்டு படிக்கலாம். நான் குனிந்து பெண்ணிடம் என் கேள்வியைக் கேட்டேன். பதில் அம்மாவிடமிருந்து வந்தது, “அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நல்ல கதை புக்கா காட்டுங்க” என்று. பெண் அம்மாவைப் பார்க்காமலே கையை நீட்டி மேல்தட்டைத் தொட்டாள்.

சீட்டில் எழுதியிருந்ததை அந்த அம்மாவும் படித்தார். முகம் சிவந்துபோனது. நான் சளைக்கவில்லை, அந்தத் தட்டிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும் அம்மாவும் மகளும், சொல்ல வேண்டியதையெல்லாம் பூனையிடம் சொல்லிச் சொல்லி ஒருவருக்கொருவர் சேதி அனுப்பும் கதை. பெண் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், விடவே இல்லை. அம்மா வேறு வழியில்லாமல் வாங்கினார். இந்த வருஷம் பள்ளி மாறியதிலிருந்து பெண் வீட்டில் வாயே திறப்பதில்லை என்று கல்லாவில் மேரி அக்காவிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டும் போகிறபோக்கில் வீறாப்பாகச் சொன்னார்:

“எங்க வீட்ல சண்டையே கிடையாது மிஸ். இவ வாயத் திறந்தாதானே சண்டை வர்றதுக்கு!”

பொம்பள பிள்ள புக்கு

பூச்சோங்கிலிருந்து ஒருவர் மகனோடு வந்தார். பையன் நேராக ‘அக்கா தங்கை’ தட்டுக்குப் போய், நான்கு சகோதரிகள் சேர்ந்து வாரச் சந்தையில் பலகாரக் கடை போடுகிற கதையை எடுத்து, நின்றபடியே படிக்க ஆரம்பித்துவிட்டான். அப்பா அதைப் பிடுங்கி வைத்து, “டேய், அது பொம்பள பிள்ள புக்கு” என்றார். எனக்குச் சுருக்கென்றது. “அங்கிள், உங்க வீட்டுச் சாப்பாடு பொம்பளைங்க செஞ்சதுதானே, அத மட்டும் எப்படிச் சாப்பிடுறீங்க?” என்று கேட்டேன். பாஸ் அந்தப் பக்கம் இருமினார்.

சண்டை முற்றியிருக்கும், பையன்தான் காப்பாற்றினான். புத்தகத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, ரொம்பப் பொறுமையாக அப்பாவுக்கு விளக்கினான்:

“வீட்ல எனக்கு மூணு அக்கா இருக்காங்கப்பா. அவங்க என்ன பிளான் போடுறாங்கன்னு நான் தெரிஞ்சிக்க வேணாமா?”

லோரியில் படித்தவர்

பண்டமாரானிலிருந்து ஒருவர் வந்தார், துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பொம்பள பிள்ளைக்கு ஒரு புக்கு வேண்டும் என்றார். பிள்ளை கூட வரவில்லை, அதனால் என் கேள்வியை அவரிடமே கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. “என்னோடதான்” என்றார். மகள் பள்ளி நாடகத்தில் நடித்தாளாம். வருகிறேன் என்று சொன்ன இவர், துறைமுக வாசலில் லோரி வரிசையில் மாட்டிக்கொண்டாராம். அன்றிலிருந்து பெண் பேசவில்லை. “அப்பா சாரி சொல்ற மாதிரி கதை இருக்கா தங்கச்சி?”

‘அப்பா’ தட்டை முழுக்கக் குடைந்தேன். முதல் அத்தியாயத்தில் செத்துப்போகும் அப்பாக்கள் இருந்தார்கள். கடைசி அத்தியாயத்தில் பொம்மையோடு வந்து இறங்கி, அதோடு எல்லாம் சரியாகிவிடுகிற அப்பாக்கள் இருந்தார்கள். மன்னிப்புக் கேட்கிற அப்பா ஒருத்தரைக் காணோம். எழுதுகிறவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது; அதில் அப்பா, மகள் பூட்டிக்கொண்ட கதவுக்கு வெளியே உட்கார்ந்து, தப்பும் தவறுமாக மன்னிப்புக் கேட்பார்.

அவர் அதை உடனே மகளிடம் கொடுக்கவில்லை. வரிசையில் நிற்கும்போது லோரியிலேயே உட்கார்ந்து முழுதும் படித்திருக்கிறார். பிறகு ஒருநாள் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தவர் வாசலில் நின்றே சொன்னார்:

“அந்த அப்பன் பாதிக் கதையிலேயே சாரி சொல்லிட்டான் லா. எனக்கு இன்னும் வாய் வரல. அந்தப் பக்கத்த மடிச்சு, புக்க அவ ஸ்கூல் பையில வச்சிட்டேன்.”

திரும்பி வந்த புத்தகம்

ஓர் ஆன்டி புத்தகத்தைக் கல்லா மேல் பொத்தென்று வைத்தார். காசு வேண்டாமாம், புத்தகத்தை எடுத்துக்கொண்டால் போதுமாம். கதையில் ஒரு பெண், அண்ணன் சாப்பிட்ட தட்டை நான் ஏன் கழுவ வேண்டும் என்று வீட்டில் கேட்பாள். இவர் மகள் அதைப் படித்துவிட்டு அன்றைக்கே கேட்டுவிட்டாளாம். அண்ணன்காரன் தட்டு மூன்று நாளாகத் தொட்டியில் காய்ந்து கிடக்கிறதாம்.

“புத்தகத்த வாங்கிக்கிறேன் ஆன்டி. கேள்விய எப்படித் திரும்ப வாங்குறது?” என்றேன். வாய்க்கொழுப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பக்கமும் கிழியாத, ஒரு எழுத்தும் அழியாத புத்தகம், வேலை செய்துவிட்டது என்பதற்காகத் திரும்பி வருவதை நான் எங்கே போய்ச் சொல்ல? ஆன்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்:

“அப்படின்னா நீங்களே வந்து அந்தத் தட்டக் கழுவுங்க. வரும்போது அடுத்த பாகம் இருந்தா எடுத்துட்டு வாங்க, கேட்டுக்கிட்டே இருக்கா.”

பரிசுப் புத்தகம்

பாஸ் பயந்த அந்தப் பெரிய புகார் கிள்ளானிலிருந்து வந்தது. வருஷா வருஷம் பரிசளிப்பு விழாவுக்கு எங்களிடமே புத்தகம் வாங்கும் ஒரு டீச்சர். நல்ல மனுஷிதான். “குடும்பப் பாசம் இருக்கிற கதையா வேணும்மா. பெண் பிள்ளைங்க படிச்சா அடக்கம் வரணும்” என்றார். என் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினேன். ஒன்றில் பெண் கதவைச் சாத்துகிறாள், வேண்டாம். இன்னொன்றில் அம்மாவை எதிர்த்துப் பேசுகிறாள், வேண்டவே வேண்டாம். பாசம் இருக்கிற வீட்டில்தான், டீச்சர், சண்டையும் இருக்கும், பாசம் இல்லாதவர்கள் கதவைச் சாத்திக்கூடக் காட்ட மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

டீச்சர் வேறோர் அலமாரியிலிருந்து தானே ஒன்றைக் கண்டுபிடித்தார். மூத்த பெண் தம்பிகளுக்காகப் படிப்பை விட்டுவிடுகிறாள். கடைசிப் பக்கத்தில் எல்லாரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அதையே எல்லாருக்கும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “பில் போட்டுத் தரேன் டீச்சர். ஆனா நல்ல புக்குன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. நல்லாப் படிச்சதுக்குப் பரிசு வாங்க மேடை ஏறுற பிள்ளை கையில, படிப்ப விட்டாதான் நல்ல பிள்ளைன்னு சொல்ற புக்கயா குடுக்கிறது?”

டீச்சர் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்து, பாஸிடம் என்னைப் பற்றி முறையிட்டுவிட்டுப் போனார். ஆர்டரும் அவரோடு போனது. போனால் போகட்டும் என்று எனக்கு இருந்தது, பாஸுக்கு எப்படி இருக்கும்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்:

“உன்ன புக்கு விக்கச் சொன்னேனா, தீர்ப்பு சொல்லச் சொன்னேனா? அந்த அலமாரிய இன்னைக்கே பின்னாடி தள்ளு.”

டாய்லெட் வாசல்

பின்னாடி என்றால் கடையின் கடைசியில், டாய்லெட்டுக்குப் போகும் சந்து. விளக்கு ஒன்று எரியும், ஒன்று எரியாது. அலமாரி இருந்த இடத்துக்குக் கணிதப் பயிற்சி வந்துவிட்டது. தள்ளும்போது எனக்கு அழுகை வந்தது, துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அன்றைக்கு வேலையை விட்டிருப்பேன். ஆனால் நான் போய்விட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்காது. சீட்டுகளைப் பெரிய எழுத்தில் புதிதாக எழுதி ஒட்டினேன். போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் கண்ணில் படட்டும்.

பட்டது. கடைக்குள் வரும் பெண் பிள்ளைகளுக்கெல்லாம் திடீரென்று டாய்லெட் வர ஆரம்பித்தது. போன பிள்ளை திரும்பி வருவதில்லை. சந்தில் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும். அம்மாக்கள் சந்து முனையில் நின்று, இன்னும் முடியலையா என்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஒரு வாண்டு என்னைப் பார்த்து, “உங்களுக்கு யாரோடக்கா சண்டை?” என்று கேட்டது. பாஸோடு என்றேன். “அதுக்கு எந்தத் தட்டு?” என்று கேட்டது. அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன், அப்படி ஒரு தட்டு இல்லை. அந்த நேரம் பார்த்து, பாவம், நிஜமாகவே அவசரமாக வந்த பாஸ், பிள்ளைகளைத் தாண்ட வழியில்லாமல் சந்து முனையில் நின்று கத்தினார்:

“நான் புத்தகக் கடை நடத்துறேனா, கக்கூசு நடத்துறேனா?”

பாஸ் கேட்ட கேள்வி

வாரநாள் மதியம் ஒன்று. நான் சந்தில் அடித்தட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். கல்லா பக்கம் பழகிய குரல் கேட்டது. சனிக்கிழமை வந்த, சண்டையே கிடையாத வீட்டு அம்மா. தனியாக வந்திருந்தார். “இங்க ஒரு சண்டை அலமாரி இருந்துச்சே, எங்க?” என்று பாஸிடம் கேட்டார். போச்சு, இன்னொரு புகார், இனி சந்துகூட மிஞ்சாது என்று நினைத்தேன். எழுந்துபோய் எதிர்த்து நிற்பதற்கு வார்த்தைகூடத் தேடிவைத்துவிட்டேன். அதற்குள் பாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளிய மாதிரி, “வீட்ல யாரோடம்மா சண்டை?” என்றார். பில் கிழித்துக்கொண்டிருந்த மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. கதையில் இருந்த மாதிரி அவர்கள் வீட்டில் பூனை கிடையாதாம். அதனால் பெண் ஒருநாள் சமையலறையில் நின்று ஃப்ரிஜ்ஜைப் பார்த்துப் பேசியிருக்கிறாள்: “ஃப்ரிஜ்ஜே, அம்மாகிட்ட சொல்லு, புது ஸ்கூல்ல என்கூட யாரும் உக்கார மாட்டாங்க.” இவரும் அழுகையை அடக்கிக்கொண்டு ஃப்ரிஜ்ஜிடமே பதில் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஃப்ரிஜ் தேவைப்படவில்லை. பள்ளியை ஏன் மாற்றினாய், என்னை ஏன் கேட்கவில்லை என்று பெண் பிடித்த சண்டை இன்னும் ஓயவில்லையாம். இதைச் சொல்லும்போது அந்த அம்மா முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, சந்தில் நின்றபடியே நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாஸ் தானே முன்னால் நடந்து அவரைச் சந்துக்குக் கூட்டிவந்தார். மேல்தட்டைக் காட்டி, மகளுக்கு அடுத்த புத்தகமா என்று கேட்டேன்.

“அவளுக்கு இல்ல மிஸ், எனக்கு. அவ இவ்ளோ பேசுறா, திருப்பிப் பேச எனக்கும் தெரியணும்ல!”

அலமாரியை மறுநாளே பாஸ் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார், டாய்லெட் பழையபடி காலியாக இருக்கிறது, ‘முதலாளியோடு சண்டை’ என்று ஒரு தட்டுக்கு மட்டும் சீட்டு ஒட்டி வைத்துவிட்டு அதில் வைக்கப் புத்தகம் தேடிக்கொண்டிருக்கிறேன்.