மூன்றில் முதல் தட்டு

முப்பத்தெட்டு வயதில் நான் பியானோ கற்கப் போனேன். கல்யாணப் பேச்சுகள் ஓய்ந்து, என் ஜாதகத்தை யாரும் கையில் எடுக்காத காலம் அது. அலுவலகம் விட்டால் வீடு, வீடு விட்டால் அலுவலகம். சிம்மக்கல்லில் நான் பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடி அறையில், என்னைவிட மிக இளைய பெண் ஒருத்தி பியானோ சொல்லிக்கொடுத்தாள். என்னை அக்கா என்பாள். தப்பாக வாசித்தால் மட்டும் அக்கா போய்விடும், "மறுபடி" என்ற ஒரு சொல்தான் வரும்.

உடன் படித்ததெல்லாம் வாண்டுகள். எனக்கோ டைப்ரைட்டர் அடித்துக் காய்த்துப்போன விரல்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று அண்ணன் கேலி செய்தார். ஐம்பதுக்கு இன்னும் காலம் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, முதல் கிரேடு பரீட்சைக்குப் பெயர் கொடுத்தேன்.

பயிற்சிக்கு ஒரு கீபோர்டு வாங்கினேன். அதை வைக்க அப்பாவின் அறையில்தான் மேஜை இருந்தது. அப்பா வாதம் வந்து படுத்திருந்தார். வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கண் திறந்தே இருக்கும், ஆனால் நாம் பேசுவது உள்ளே போகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருங்கள், ஏதாவது பதில் வருகிறதா பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா நன்றாக இருந்தபோதே எனக்கு அவரிடம் பேச வராது. அதனால் வாசித்தேன்.

பரீட்சைக்கு வைத்திருந்தது மூன்று தட்டுத் தாளத்தில் ஒரு சின்ன நடன இசை. அதை வாசிக்கும்போது ஒருநாள் கட்டிலின் இரும்புக் கம்பியில் சத்தம் கேட்டது. அப்பாவின் இடக்கை விரல் ஆடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அண்ணனைக் கூட்டிவந்தேன், அதற்குள் நின்றுவிட்டது. இன்னொரு நாள் அவரே பார்த்தார். நடுக்கம்தான், நரம்புத் தளர்ச்சி, வீணாக ஆசையை வளர்க்காதே என்றார். இல்லையென்று சாதிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நோட்டிலிருந்து கண்ணை எடுத்தால் எனக்கு விரல் தடுமாறும், தடுமாறினால் அப்பாவின் விரலும் நின்றுவிடும். அதனால் அந்த விரல் எப்படி ஆடுகிறதென்று ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. ஆடுகிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்க அந்த ஒரு சத்தத்தை நினைத்துக்கொண்டு இருப்பேன்.

பரீட்சை நெருங்கும்போது அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சோழவந்தானிலிருந்து அத்தை வந்து தங்கினார். பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

"உசுரு ஊசலாடுற வீட்ல பாட்டுச் சத்தம் கேட்டா, பார்க்க வாரவுக என்ன நினைப்பாக?" என்றார் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை. அப்பா அவருக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி.

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. டீச்சரிடம் சொன்னேன், தன்னுடைய ஹெட்போனைக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு அதே அறையில், அதே நாற்காலியில், அதே இசையை வாசித்தேன். என் தலை முழுக்கச் சத்தம். ஒவ்வொரு முறை முடித்ததும் கம்பியைத் திரும்பிப் பார்ப்பேன். விரல் அப்படியே கிடந்தது.

"விரலும் நின்னுபோச்சுண்ணே" என்று நானேதான் அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணன் அதை டாக்டரிடம் சொன்னார். இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் முடித்துக்கொண்டார். கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரை நிறுத்தினோம். அத்தை சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஒவ்வொருவராக வந்து பால் ஊற்றினார்கள். அந்த வாரமே அப்பா போய்விட்டார்.

காரியம் முடிந்த சில நாளில் பரீட்சை. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றாள் டீச்சர். வேறு போக இடமில்லாததால் போனேன். பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகளோடு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் பிள்ளை எந்த கிரேடு என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளை நான்தான் என்றேன். அவள் சிரித்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

உள்ளே பரீட்சை வைக்க வந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் இருந்தார். நான் தயார் செய்ததை ஒருவழியாக வாசித்து முடித்தேன். அடுத்தது செவித்திறன் சோதனை. அவர் வாசிப்பார், நான் கூடவே தாளம் தட்ட வேண்டும். முதல் தட்டு அழுத்தமாக விழ வேண்டும்.

அவர் ஆரம்பித்தார். கைதட்ட வேண்டிய நான், இடக்கை விரலால் பியானோவின் மர விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தேன். அவரும் தடுக்கவில்லை. ஒன்று அழுத்தி, இரண்டு மெல்ல. ஒன்று அழுத்தி, இரண்டு மெல்ல. முன்னால் நோட்டு இல்லாததால் கண்ணுக்கு வேலை இல்லை, விரலையே பார்த்தேன். காதில் கேட்டது கட்டில் கம்பியின் சத்தம். இத்தனை நாள் நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்ட அதே சத்தம். நடுக்கத்துக்கு முதல் தட்டு எது என்று தெரியுமா?

இரண்டு தட்டா, மூன்று தட்டா என்று கேட்டார். மூன்று என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் எழுந்து தண்ணீர் கொடுத்தார்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அண்ணன் அப்பாவின் அறையில் வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பாவுக்குக் கேட்டுச்சுண்ணே. தாளம் போட்டாருண்ணே" என்றேன். கம்பியில் தட்டிக் காட்டினேன். ஒன்று அழுத்தி, இரண்டு மெல்ல.

அண்ணன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அதைக் கேட்டவர்தானே. கண் கலங்கிவிட்டது. நம்பிவிட்டார் என்று எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. பிறகு கேட்டார்.

"அப்புறம் ஏன்த்தா நிப்பாட்டுனாரு?"

நான் மேஜைப் பக்கம் திரும்பினேன். கீபோர்டில் ஹெட்போன் ஒயர் செருகினபடியே இருந்தது.