பதினெட்டுக் குண்டு

நன்னடத்தை உத்தியோகத்தர் புஸ்பத்துக்குக் களவெடுக்கும் பிள்ளைகள்மேல் ஒரு தனிப் பிரியம். தேங்காய் பிடுங்கியவன், சைக்கிள் தூக்கியவன் என்று மட்டக்களப்பு நீதிமன்றத்துக்கு வரும் பொடியன்களைச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போகவிடாமல் தாயோடு அனுப்பிவைப்பதுதான் அவளுடைய வேலை. பதினாலு வருடமாக அதைச் சந்தோசமாகவே செய்துவந்தாள்.

எண்பத்தாறில் வந்தது மூர்த்தியின் வழக்கு. ஆரையம்பதியில் ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பு. பதினாலு வயது மூர்த்தியைப் பிடித்து, என்னடா செய்தாய் என்று அதட்டியதும், பயத்தில் அவன் தான் செய்த ஒரே குற்றத்தைக் கொட்டிவிட்டான்.

"வல்லிபுரம் மாமாட குண்டு பதினெட்டு எடுத்தனான். மறுகா பயத்தில வாவிக்குள்ள எறிஞ்சிட்டன்."

அவன் சொன்னது வீச்சுவலையின் ஓரத்தில் கட்டும் ஈயக்குண்டை. எழுதிய பொலிஸ்காரருக்குத் தமிழ் அரைகுறை, சிங்களத்தில் எழுதிக்கொண்டார். அது மறுபடி தமிழாகி நீதிமன்றத்துக்கு வந்தபோது 'பதினெட்டு வெடிகுண்டு' ஆகியிருந்தது. வெடிகுண்டென்றால் நன்னடத்தையும் இல்லை, தாயும் இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம், தெற்கே தடுப்பு முகாம். பையனை விசாரித்ததும் புஸ்பத்துக்கு விசயம் விளங்கியது. ஒரு பிள்ளை கள்ளன்தான் என்று நிரூபணமாக வேண்டுமென்று அவள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தது, அத்தனை வருடச் சேவையில் அதுவே முதல் தடவை.

வலைக்காரர் வல்லிபுரத்திடம் ஓடினாள். மனுசன் வலையை அறைக்குள் ஒளித்துவைத்திருந்தார்.

"நான் வரமாட்டன் தங்கச்சி. அவன் எடுத்தது என்ட குண்டு. மறுகா குண்டுக்குச் சொந்தக்காரன் நானெண்டு என்னையும் ஜீப்பில ஏத்திப்போடுவானுகள்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் புஸ்பத்துக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

"சரி அண்ணன். உங்கட குண்டால இதுவரைக்கும் ஆரு செத்த?"

"ஆரு சாகிற? திரளி மீனும் மணலை மீனும்தான்" என்றவர், தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிட்டார்.

"அதையே நாளைக்குக் கோட்டில சொல்லுங்க. வலையையும் கொண்டுவாங்க."

மறுநாள் நீதவானுக்கு முன்னால் வலை விரிந்தது. மீன் வெடில் மூக்கைத் துளைத்தது. ஓரத்தில் ஒரு பக்கம் குண்டில்லாமல் வெறும் நூல்கள் தொங்கின. நீதவான் ஆசனத்தை விட்டு இறங்கி வந்து எண்ணினார், சரியாகப் பதினெட்டு. வல்லிபுரம் திரளியையும் மணலையையும் பற்றிச் சொன்னபோது நீதவானாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வழக்கு களவு மட்டும்தான் என்று முடிந்தது. மூர்த்தி ஒரு வருடத்துக்கு மாதாமாதம் புஸ்பத்திடம் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். இப்போது தாயோடு வீட்டுக்குப் போகலாம்.

தாய் ஆச்சிப்பிள்ளை உள்ளே வரத் தைரியமில்லாமல் வெளியே மரத்தடியில் காத்திருந்தாள். புஸ்பம் வந்து சொன்னதும் மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, போகிற வருகிற பெண்களிடமெல்லாம் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்:

"என்ட புள்ள கள்ளனாம் கா. வெறும் கள்ளன்தானாம்."