காப்புக் கையோடு ஒரு தேர்வு

இசைவாணி குரூப் நான்கு தேர்வுக்குப் படித்ததில் பாதி, கீரனூரிலிருந்து திருச்சி போகும் பேருந்தில்தான். திருச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை. உட்கார இடம் கிடைத்தால் புத்தகம், கிடைக்காவிட்டால் போனில் மாதிரி வினாக்கள். சென்ற முறை ஒன்றரை மதிப்பெண்ணில் போனது. வயது இருபத்தாறு. இந்த முறை விடுவதாக இல்லை.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை, புதுக்கோட்டையில். கல்யாணம் அடுத்த புதன்கிழமை. மாப்பிள்ளை ரகுநாத்துக்கு சிங்கப்பூரில் வேலை, இருபது நாள் லீவு. அவன் அம்மா பொற்கொடி, இசைவாணியின் அப்பாவுக்கு அக்கா. அதே ஊர், இரண்டு தெரு தள்ளி வீடு. பிறந்ததிலிருந்து 'அத்தை' என்று கூப்பிட்டவர் மாமியாராவதில் இசைவாணிக்குப் பயம் இருக்கவில்லை, வெள்ளிக்கிழமை காலைவரை.

அவர்கள் வழக்கத்தில் காப்புக் கட்டுவது கல்யாணத்துக்கு முதல் நாள். மஞ்சள் துண்டு கோத்த நூல் மணிக்கட்டில் ஏறிவிட்டால், தாலி கட்டும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே பொற்கொடி ஏழெட்டுப் பெண்களோடும் தாம்பாளத்தோடும் வாசலில் நின்றார்.

"மகனுக்குக் கட்டிட்டுத்தான் வாரேன். செவ்வாக்கெழம நல்லால்லையாம். கைய நீட்டு."

"ஞாயித்துக்கெழம பரீட்ச இருக்கே அத்தை."

"பரீட்ச அடுத்தாப்புலயும் வரும். எம்மகனுக்கு லீவு வருமா?"

இசைவாணி அப்பாவைப் பார்த்தாள். செல்லமுத்து அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். "அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றவர், பந்தல்காரருக்குப் போன் போட வெளியே போனார். காப்பி எடுத்து வருவதாக உள்ளே போன அம்மா அழகி திரும்பவே இல்லை. பெண்கள் குலவையிட்டார்கள். முடிச்சு விழுந்தது.

ரகுநாத்துக்குப் போன் செய்தாள்.

"அம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்றது வாணி? நாலஞ்சு நாளுதானே. பொறுத்துக்க."

சனிக்கிழமை மாலை அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்தான். புதுக்கோட்டை சலூனில் முகமெல்லாம் பூச்சோடு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அந்தக் கையில் மஞ்சள் நூல் பளிச்சென்று தெரிந்தது. இசைவாணி படத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஏழரை மணி பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தேர்வு மையத்தின் கேட்டை ஒன்பதுக்கு மூடிவிடுவார்கள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவள் மணிக்கட்டைப் பார்த்ததும் நின்றார்.

"காப்புக் கட்டுன புள்ள எங்கம்மா கெளம்பிட்ட? ஒங்க அத்தைக்குத் தெரியுமா? என்னய வம்புல மாட்டி விட்டுறாத தாயீ."

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். பேருந்து முழுக்க இவளைத் திரும்பிப் பார்த்தது. பின்சீட்டில் ஒருவர், "எறக்கி விடுப்பா, நேரமாவுது" என்றார். யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்க வந்த பொற்கொடி படியில் ஏறி நின்றார்.

"எறங்குடி."

"எறங்க மாட்டேன் அத்தை." இசைவாணி போனை நீட்டினாள். "நேத்து ஒங்க மகன் எங்கிட்டுப் போயிருக்காருன்னு பாருங்க. இதே காப்புத்தான் அவரு கையிலயும் இருக்கு. கல்யாணம் நின்னு போச்சா?"

மீன் கூடையோடு இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மாப்பிள்ளைக்கு மாவு பூசுனா எல்லை வெலகிக்கிரும்போல!"

பேருந்தே சிரித்தது. பொற்கொடி சிரிக்கவில்லை. இசைவாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"வேல கெடச்சா ராமநாதபுரம், தருமபுரின்னு எங்கிட்டாவது தூக்கிப் போடுவாய்ங்க. அவன் சிங்கப்பூருல. அம்மாம் பெரிய வீட்டுல நான் யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடக்குறது? அவன் போனதுலேருந்து பதினோரு வருசம் தனியாக் கெடந்தாச்சுடி."

பொற்கொடி குரலை உயர்த்தினார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"பரீட்ச எழுது. ஆனா ஆர்டர் வந்தா என்னயக் கேக்காம வேலையில சேரக் கூடாது. இத்தன பேரு முன்னால சொல்லு. நானே கூட வாரேன்."

மணி ஏழு ஐம்பது. இறங்கினால் தேர்வு போகும். சரி என்றால் வேலை இவர் கைக்குள் போகும். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"சரி அத்தை."

கேட் மூட ஆறு நிமிடம் இருக்கும்போது இருவரும் ஓடிப் போய்ச் சேர்ந்தார்கள். போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பொற்கொடி எதிரே ஒரு கடைப்படியில் உட்கார்ந்தார். உள்ளே இருநூறு கேள்விகள். நூற்றெண்பதுக்கு மேற்பட்டவற்றில் இசைவாணிக்குச் சந்தேகமே இல்லை. சென்ற முறை காலை வாரிய கணக்குப் பகுதிகூட வழிவிட்டது. பன்னிரண்டரைக்கு மணி அடித்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது, இந்த முறை கிடைத்துவிடும்.

வெளியே வந்தாள். பொற்கொடி எழுந்து கிட்டே வந்தார்.

"எப்புடி எழுதுன?"

"ரொம்பக் கஷ்டம் அத்தை. கெடைக்காது."

பொற்கொடியின் முகம் தெளிந்தது. "போனாப் போவுது, விடு" என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். கடையில் இரண்டு சர்பத் சொன்னார். இசைவாணி தன் கிளாஸை வாங்கி, நிமிராமல் குடித்து முடித்தாள்.