தாமோதரனின் வலது கண்

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ், கண்ணாடிக் கடைக்காரர் என்று எல்லோருக்கும் ஒரே வார்த்தையில் வேலை இருக்கிறது. ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்கிற என் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். விழித்திரை நோய்க்குப் புதிதாக வரும் மருந்தை, நோயாளியின் சம்மதத்தோடு போட்டுப் பார்த்து, பார்வை ஏறுகிறதா இறங்குகிறதா என்று மாதாமாதம் கவனிப்பது. நான் செங்கல்பட்டில் கவனிக்கிறேன். வேறு ஊர்களில் இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதர சகோதரிகளே, கீழே வரும் ஆளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெயர் மட்டும் வேறாக இருக்கும்.

யாருக்கும் தெரியாத மருந்து

தாமோதரனுக்குச் செய்யூர் பக்கம். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர். வேர்க்கடலை மூட்டை, சவுக்குக் கட்டை, கல்யாணப் பந்தல் சாமான், எது கிடைத்தாலும் ஏற்றுவார். சர்க்கரை வியாதியால் வலது கண்ணின் விழித்திரை வீங்கிவிட்டது. இடது கண் ஏற்கெனவே சுமார். பார்வை திரும்பும்வரை ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று எங்கள் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட, வண்டி வீட்டு வாசலில் நின்றது.

ஆராய்ச்சியில் சேர்வதற்கு முன் எல்லாவற்றையும் விளக்க வேண்டும். பழைய மருந்தா, புது மருந்தா, அவர் கண்ணில் எது போகிறது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அதுதான் விதி என்றேன். தாமோதரன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி கஸ்தூரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவருக்குக் கண்ணு தெர்ல, உங்களுக்கு மருந்து தெர்ல. நல்லா கீது போங்க!"

பயப்பட நேரமில்லை

கண்ணில் ஊசி என்றதும் எப்பேர்ப்பட்ட ஆளும் வாசலைப் பார்ப்பார். தாமோதரன் ஆறடி ஆள். படுக்க வைத்து, மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். விரல்கள் நொறுங்கிவிடும் போலிருந்தது. மேலே பாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார், பார்த்தார். வேலை முடிந்தது. அவரோ பிடியை விடாமல், "எப்ப மேடம் குத்துவீங்க?" என்றார்.

போட்டாகிவிட்டது என்றேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம். "இன்னா மேடம், ஒரு வார்த்த சொல்லியிருந்தா நல்லா பயந்துகினு இருந்திருப்பேன்ல!"

மூச்சு விடாமல் படித்தவர்

எழுத்துப் பலகையை உங்களுக்கு விளக்க வேண்டாம். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. வண்டி நம்பர் பிளேட்டுகளைப் பார்த்தே ஆங்கில எழுத்துகளைக் கற்றவர் தாமோதரன். முதல் சில ஊசிகளுக்குப் பிறகு நன்றாகவே படித்தார். அதன்பின் எங்கள் விதிப்படி, படிக்கும் எழுத்துகள் குறைந்தால்தான் அடுத்த ஊசி. அவருக்கோ குறையவே இல்லை. மாதாமாதம் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் வரை மூச்சு விடாமல் படித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

டாக்டரம்மாவுக்கு மட்டும் முகம் சரியில்லை. "ஸ்கேன்ல வீக்கம் மறுபடி ஏறியிருக்கு. இவ்வளவு வீக்கத்தோட இவரால எப்படிப் படிக்க முடியுது? வேற பலகைய மாட்டிப் பாரும்மா" என்றார். மாட்டினேன். தாமோதரன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, அதே பழைய பலகையை முதல் எழுத்திலிருந்து கணீரென்று ஒப்பித்தார். புதுப் பலகையில் அப்படி ஒரு வரிசையே கிடையாது.

கதவோரம் உட்கார்ந்திருந்த கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டார். அவர்தான் வாத்தியார். துணைக்கு வரும்போதெல்லாம் பலகையைப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டு, மதுராந்தகம் தாண்டும்வரை பஸ்ஸில் புருஷனை ஒப்பிக்க வைத்திருக்கிறார். உள்ளபடி படித்திருந்தால் தாமோதரனுக்குத் தேவையான ஊசி அப்போதே கிடைத்திருக்கும். நன்றாகப் படித்துப் படித்தே அதைத் தடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கஸ்தூரி முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார்: "மார்க்கு கம்மியானா ஃபெயிலுன்னு வெளிய அனுப்பிடுவீங்கன்னு நெனச்சோம்மா. அப்பால அந்த வண்டிய யாரு ஓட்டுறது?"

கதவுக்கு வெளியே

அன்றைக்கே ஊசி போட்டோம். நடந்ததை நடந்தபடி மருந்துக் கம்பெனிக்குத் தெரிவித்தோம். அந்த மாதங்களின் அளவுகள் செல்லாது என்றார்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்து, இது பரீட்சை இல்லை, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் படித்தால்தான் எங்களால் உதவ முடியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கஸ்தூரியின் நாற்காலியைக் கதவுக்கு வெளியே போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊசிகள் தொடர்ந்தன. வீக்கம் மெல்ல வடிந்தது, ஆனால் முழுப் பார்வை திரும்பவில்லை. தாமதத்தில் போனது போனதுதான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கடைசியாக வந்தபோது நான் பலகைகளை மாற்றி மாற்றி வைத்தேன். தாமோதரன் தடவித் தடவிப் பாதிப் பலகைக்குக் கீழே வந்தார். உண்மையாகவே படித்தார். டாக்டரம்மா எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, பகலில் மட்டும் வண்டி ஓட்டலாம், இருட்டினால் சாவியைத் தொடக் கூடாது என்றார். தாமோதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொட்டு மருந்தாக இருக்கும் என்று நானும் பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

சும்மா ஒரு நப்பாசையில், அடுத்த வரிசையையும் முயன்று பாருங்களேன் என்றேன். அவர் பதறிப்போய் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். "இதுக்கு மேல தெர்ல மேடம். சத்தியமா தெர்ல. நம்பலன்னா வெளிய கீற கஸ்தூரியக் கேளுங்க!"

ஊரெல்லாம் நோயாளிக்குக் கண் தெரிகிறது என்று கேட்டுச் சந்தோஷப்படும்போது, தெரியவில்லை என்று ஒருவர் வாய் திறந்து சொன்னதற்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் உத்தியோகம் நம்முடையது.