வெம்பக்கோட்டை மீனும் நாரணாபுரத்துப் பந்தியும்

தஞ்சாவூரில் ஒரு பேருந்து, மதுரையில் ஒரு பேருந்து என்று மாறி ஏறி, நானும் என் வீட்டுக்காரரும் விருதுநகரில் இறங்கியபோது மாலை ஐந்தரை மணி. நாகப்பட்டினத்தில் விடியற்காலையில் கிளம்பியவர்கள். பங்குனி வெயில் அந்த நேரத்திலும் தார் ரோட்டை விட்டு இறங்கவில்லை. எங்கள் ஊரில் எவ்வளவு வெயில் அடித்தாலும் மாலையில் கடற்காற்று வந்து முகத்தைத் துடைத்துவிடும். இங்கே காற்றே சூடாக இருந்தது. ஆனால் அந்தச் சூட்டோடு எண்ணெயும் மசாலாவும் கலந்து ஒரு வாசனை வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பேசாமல் அந்த வாசனை வந்த பக்கமாக நடந்தோம்.

பேருந்து நிலையத்துக்கு எதிர் வரிசையில் நாலு மேசை மட்டும் போட்ட ஒரு பரோட்டா கடை. கல்லில் குளம் போல எண்ணெய் நின்றது. பரோட்டாவை அதற்குள் தள்ளி, மொறுமொறுவென்று சிவக்கும்வரை புரட்டிக்கொண்டிருந்தார் மாஸ்டர். ஒன்று மூன்று ரூபாய்.

"வெளியூரா?" என்றார், தலையை நிமிர்த்தாமலேயே.

"நாகப்பட்டினம்" என்றேன்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்தா! அப்ப முதல்ல நாலு சாப்பிடுங்க. பெறகு பேசுவோம்."

பரோட்டாவை நொறுக்கி, அதன்மேல் சால்னாவை ஊற்றி ஊறவைத்து, அருகில் ஒரு கரண்டி மட்டன் சுக்கா. என் வீட்டுக்காரர் ஆறு பரோட்டா சாப்பிட்டார். நான் எண்ணவில்லை, மாஸ்டர்தான் எண்ணி, மகிழ்ச்சியோடு என்னிடம் சொன்னார். எனக்கும் மகிழ்ச்சிதான். அவர் இப்படிச் சாப்பிட்டுப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

நாங்கள் எதற்காக வந்தோம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில், சிவகாசிப் பக்கமிருந்து ஒரு லாரி நிறைய அரிசியும் அண்டாக்களும் எங்கள் தெருவுக்கு வந்தன. லாரியை ஓட்டி வந்தவர் கருப்பசாமி. பட்டாசு லோடு ஏற்றும் லாரி அது. கூடவே அவர் மனைவி பேச்சியம்மாளும், அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் சிலரும். ஒரு வாரத்துக்கு மேல் எங்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்து, எங்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். நான் அந்தப் பள்ளியில் ஆசிரியை. என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த என் கையில் பேச்சிதான் ஒரு கரண்டியைக் கொடுத்து, "கிண்டுங்க மதினி, அடிப்பிடிச்சிரும்" என்றாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு மதினி. என் வீட்டுக்காரர் அண்ணன்.

அந்த அலையில் என் வீட்டுக்காரரின் தம்பி போய்விட்டான். அவன் போட்டில் மீன் பிடிக்கிறவன். அவர் அதுவரை இறங்குதளத்தில் மீன் ஏலம் எடுத்துக்கொண்டிருந்தவர். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டில் மீன் வாங்குவது நின்றது. யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, தானாக நின்றுவிட்டது. ஒருமுறை பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை வந்தபோது, சோற்றில் கை வைத்தவர் எழுந்து போய்விட்டார். அதன்பிறகு நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாவது பங்குனி வந்தது. நாரணாபுரத்தில் ஊர்ப் பொங்கல், இந்தத் தடவை வந்தே ஆக வேண்டும் என்று கருப்பசாமி செல்போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு வருடமாக மறுத்து வந்த என் வீட்டுக்காரர், இந்த முறை என்ன தோன்றியதோ, "போய்ட்டு வருவோமே" என்றார்.

விருதுநகரிலிருந்து சிவகாசி முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் கரிசல், நடுநடுவே வேலிக்கருவை, தூரத்தில் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித்தள்ளி நிற்கும் பட்டாசுக் கம்பெனிகளின் சின்னச்சின்ன அறைகள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் அந்த இடைவெளி என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சிவகாசியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து நாரணாபுரம் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டிருந்தது. தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். பேச்சி ஓடிவந்து என் கையிலிருந்த பையைப் பிடுங்கினாள்.

"இப்பத்தான் வாறீகளா? மூணு மணியில இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். சாப்பிட்டீகளா?"

"விருதுநகர்ல பரோட்டா சாப்பிட்டோம் பேச்சி" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "பரோட்டாவா? அப்ப நான் வச்ச நாட்டுக்கோழியை யாரு திங்கிறது?"

தின்றோம். வேறு வழியில்லை. அந்த ஊரில் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் அது கேள்வியல்ல, அதற்குள் இலை விழுந்திருக்கும். மிளகு தூக்கலான கோழிச் சாறு. குழைந்த சோறு. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய நான் சாப்பிடுவதைப் பார்த்துக் கருப்பசாமி சிரித்தார். "தங்கச்சிக்கு ஒறைக்குது, தயிரு கொண்டா" என்று அவர் சொல்வதற்குள் பேச்சி செம்போடு நின்றாள்.

மறுநாள் காலை பேச்சி கம்பங்கூழ் கொடுத்தாள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும், சாத்தூர்க் காராச்சேவும். கருப்பசாமியைக் காணோம். "சோலியாப் போயிருக்காக" என்றாள் பேச்சி, என் கண்ணைப் பார்க்காமல். பொங்கலுக்காகக் கம்பெனி லீவு. என்ன வேலையாக இருக்கும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றுதான் ஊர் விருந்து. கோயிலுக்கு முன்னால் உள்ள மைதானத்தில் தெருவுக்கு ஒரு பதார்த்தம் சமைத்து வைப்பார்கள். ஊர் முழுக்க, வந்த விருந்தாளிகளோடு சேர்ந்து, எல்லார் சமையலையும் சாப்பிடலாம். எந்தத் தெரு அண்டா முதலில் காலியாகிறது என்பதில்தான் கௌரவம். பரிசு ஒன்றும் கிடையாது. ஆனால் அடுத்த பொங்கல்வரை அதைச் சொல்லியே மற்றத் தெருக்காரர்களை ஓட்டுவார்கள் என்று பேச்சி சொன்னாள்.

பதினோரு மணிக்கு நாங்கள் மைதானத்துக்குப் போனபோது பசியில்லாதவனுக்கும் பசிக்கும் போலிருந்தது. கீழத் தெருவில் மொச்சை போட்ட கறிக்குழம்பு. அடுத்த பந்தலில் குடல் கறி. குதிரைவாலிச் சோறு ஒரு அண்டா, பக்கத்திலேயே கத்தரிக்காய்க் கொத்சு. கருப்பட்டிப் பணியாரம் சுடும் இடத்தில் பிள்ளைகள் கூட்டம். கருப்பட்டிப் பாகில் ஊறிய சீரணி மிட்டாயைத் தட்டு நிறைய அடுக்கி, வருகிறவர்கள் வாயிலேயே ஊட்டிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அவள் நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் வெள்ளி மினுக்கம் கழுவியும் போகாமல் இருந்தது. "கையைப் பாக்காதீக அக்கா, நாலு தடவ சோப்புப் போட்டாச்சு" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். நான் வாயைத் திறந்தேன். அப்படி ஒரு இனிப்பை அதற்கு முன் நான் சாப்பிட்டதில்லை.

என் வீட்டுக்காரரும் ஒவ்வொரு பந்தலாக நின்று நின்று சாப்பிட்டுக்கொண்டு வந்தார். பேச்சியின் தெருப் பந்தலுக்கு வந்ததும் எங்களை இழுத்து உட்காரவைத்து இலை போட்டார்கள். தெரு முழுக்கச் சுற்றி நின்றது. கருப்பசாமி பெரிய கரண்டியோடு வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மச்சான், விடியக்காலம் வெம்பக்கோட்டை அணைக்குப் போயி, வலை இளுக்கும்போதே நின்னு வாங்கியாந்தேன். கெண்டையும் விராலும். கடக்கரை ஆளுகளுக்கு மீனு போடாம அனுப்பினா எங்க தெருவுக்கு மரியாதையா? உங்க ஊரு மீனு மாதிரி வராது. இருந்தாலும் ஒரு வாய் வைங்க."

சொல்லிக்கொண்டே ஒரு கெண்டைத் துண்டை முழுசாக என் வீட்டுக்காரர் இலையில் வைத்துக் குழம்பை ஊற்றினார்.

அவர்களுக்கு எங்கள் தம்பியைப் பற்றித் தெரியும். மீனைப் பற்றித் தெரியாது. நான்தான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவே இல்லை. அவர் எழுந்து போய்விட்டால் இத்தனை பேர் முகத்தையும் எப்படிப் பார்ப்பது? எழாமல் உட்கார்ந்திருந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்?

"அண்ணே, அவங்களுக்குக் காலையிலேருந்து வயிறு சரியில்ல" என்று கருப்பசாமியிடம் ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரர் தன் இடதுகையை என் கைமேல் வைத்தார். நான் நிறுத்திக்கொண்டேன். அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீனைப் பிட்டார். முள்ளை விலக்கும் அந்த விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. சோற்றோடு சேர்த்து ஒரு வாய் வைத்து, நிதானமாக மென்று விழுங்கினார்.

"எப்பிடி மச்சான்?" என்றார் கருப்பசாமி.

என் வீட்டுக்காரர் இன்னொரு வாய் சாப்பிட்டார்.

"மண்ணு வாடை அடிக்குது மாப்ள" என்றார்.

சமைத்த பெண்களின் முகம் வாடிவிட்டது. பேச்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கொழம்பு நல்லாத்தான் இருக்கு. மீன் கழுவுனதுதான் பத்தல" என்று அவர் தொடர்ந்தார். "ஏரி மீனை நல்லாத் தேய்ச்சுக் கழுவணும். இன்னும் மீன் இருக்கா?"

"அரைக் கூடை கெடக்கே!" என்றார் கருப்பசாமி.

என் வீட்டுக்காரர் இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். கல் உப்பு கேட்டார், மஞ்சள் கேட்டார், அரிசி களைந்த தண்ணீர் கேட்டார். மண்சட்டியின் சொரசொரப்பில் ஒவ்வொரு மீனாகத் தேய்த்தார். நாலு பெண்கள் சுற்றி உட்கார்ந்து அதேபோலத் தேய்த்தார்கள். "இன்னும் தேய்ங்கம்மா, கையில வழவழப்பு இருக்கக்கூடாது." சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதங்கின. வெந்தயம் பொரிந்தது. புளியைக் கரைத்து ஊற்றி, கொதி வந்தபிறகு மீனைப் போட்டு, மேலே மாங்காய்க் கீற்றுகளைத் தூவினார். ஒரு பெண் கரண்டியை எடுத்துக்கொண்டு வர, "கரண்டி போடாதீங்க, சட்டியப் புடிச்சு ஆட்டுங்க" என்று தடுத்தார்.

அடுப்புப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "தம்பி போட்டுல இப்படித்தான் வைப்பான். மாங்கா இல்லாம அவனுக்குக் கொழம்பு ஆகாது."

தம்பி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றேன். பேச்சி என் அருகில் வந்தாள்.

"என்ன மதினி, ஏன் அழுறீக?"

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "எம்மா, தெரியாமப் போச்சே! தெரிஞ்சிருந்தா மீனுப் பேச்சையே எடுத்திருக்க மாட்டமே!"

"தெரியாததே நல்லதாப் போச்சு பேச்சி" என்றேன்.

குழம்பு இறங்கியதும் வாசனை மைதானம் முழுக்கப் பரவியது. கீழத் தெரு ஆட்கள் தட்டோடு வந்தார்கள். போனவர்கள் மறுபடியும் வந்தார்கள். என் வீட்டுக்காரர் தானே பரிமாறினார், நடுத்துண்டு கேட்டவர்களுக்கு நடுத்துண்டு, தலை கேட்டவர்களுக்குத் தலை. கொஞ்ச நேரத்தில், முதலில் வைத்த குழம்பும் தீர்ந்து, மற்றத் தெருக்களுக்கு முன்னால் சட்டியின் அடி தெரிந்தது. பேச்சியின் தெரு பெரிய சத்தம் போட்டது. கருப்பசாமி மட்டும் காலிச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, விடியக்காலம் போயி வாங்கியாந்தவன் நானு. எனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கத் தோணலையாலே ஒருத்தனுக்கும்?" என்று கத்தினார். சட்டியைச் சுற்றி ஒட்டியிருந்த குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து என் வீட்டுக்காரர் அவருக்கு உருட்டிக் கொடுத்தார். அதில் இரண்டு உருண்டை எனக்கும் கிடைத்தது. மண் வாடை கொஞ்சம்கூட இல்லை. கடல் மீனின் ருசியும் இல்லைதான். ஆனாலும் நான் சாப்பிட்ட மீன் குழம்புகளில் அதைப் போல இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கிளம்பும்போது எங்கள் பை இரண்டு மடங்காகியிருந்தது. காராச்சேவு, சீரணி, மிளகாய் வற்றல், ஒரு பாட்டில் நல்லெண்ணெய். வேண்டாம் என்று நான் எடுத்து வெளியே வைத்ததையெல்லாம் பேச்சி மறுபக்கமாகத் திணித்தாள். டவுன் பஸ் வந்தபோது கருப்பசாமி எங்களோடு ஏறிச் சிவகாசிவரை வந்து, விருதுநகர் வண்டியில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

வண்டி கரிசல் காட்டுக்கு நடுவே போகும்போது யோசித்தேன். எங்கள் ஊரில் தண்ணீருக்கும் மீனுக்கும் பஞ்சமில்லை. இவர்கள் மழையை நம்பி விதைத்து, அது பொய்த்தால் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிறவர்கள். எதுவும் எளிதாகக் கிடைக்காத மண். அதனால்தானோ என்னவோ, கிடைத்ததை அடுத்தவர் இலையில் வைப்பதில் அவர்களுக்கு அவ்வளவு அவசரம். எங்கள் பக்கம் விருந்தாளியிடம் என்ன வேண்டும் என்று கேட்போம். அங்கே கேட்பதில்லை, பார்த்துச் செய்கிறார்கள். சில சமயம் பார்க்காமலேயே சரியாகச் செய்துவிடுகிறார்கள்.

என் வீட்டுக்காரர் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், கொடுவா மீனோடு திரும்பினார். நான் அரிவாள்மனையை எடுத்து வைத்தேன். மதியம் செல்போன் அடித்தது. எடுத்தால் பேச்சி. ஊரெல்லாம் இன்னும் அந்தக் குழம்புப் பேச்சுதானாம், கீழத் தெருக்காரர்கள் இப்போதே அடுத்த பொங்கலுக்கு ஆலோசனை செய்கிறார்களாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அண்ணன் எப்பிடி இருக்காக மதினி? சாப்பிட்டாகளா?"

"மீன் கொழம்புக்கு ரெண்டாவது தடவை சோறு கேக்குறாங்க பேச்சி. போட்டுட்டு வந்து பேசுறேன்" என்றேன்.