தொட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்

குழந்தை பிறந்த வீட்டில் எல்லாரும் தொட்டிலை எட்டிப் பார்ப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளைப் பார்க்கப் போவது என் தொழில். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக ஓ.டி. என்று பெயர். எழுவது, குளிப்பது, பிள்ளையைத் தூக்குவது என்று அன்றாட வேலைகளை வலியில்லாமல் செய்யக் கற்றுக்கொடுப்பேன். காரைக்காலில் பல வருஷமாக இதுதான் பிழைப்பு. பிள்ளை பெற்றவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும்.

ஓ.டி.

அம்பகரத்தூர் செல்விக்கு ஏழாம் மாதம். முதுகுவலி என்றதும் டாக்டர், "நாளைக்கு ஓ.டி.யைப் பாருங்க" என்று என்னிடம் அனுப்பியிருக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் அதை ஆபரேஷன் தியேட்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் ஃபிளாஸ்க், மாற்றுத்துணி, ரத்தம் கொடுக்க இரண்டு பேர் என்று வேன் வைத்து வந்து இறங்கினார்கள். செல்வி ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

முதலில் இட்லி வாங்கி வரச் சொன்னேன். பிறகு ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுவது எப்படி, காலுக்கு நடுவில் தலையணை வைத்துப் படுப்பது எப்படி என்று காட்டினேன். அரைமணி நேரத்தில் முடிந்தது. அவள் கணவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இதுக்கா நான் காளியம்மனுக்கு மொட்ட போடுறதா வேண்டிக்கிட்டேன்?"

தூக்காத பிள்ளை

மண்டபத்தூர் கவிதா மூன்று மாதப் பிள்ளையைத் தூக்குவதில்லை. அழுதால் மாமியாரைக் கூப்பிடுவாள். அவளுக்குப் பாசமில்லை என்று பேச்சு கிளம்பி, அவளைக் கொஞ்ச நாள் அம்மா வீட்டில் விட்டுவிடலாம் என்கிற வரைக்கும் போயிருந்தது.

என் எதிரில் தூக்கச் சொன்னேன். பிள்ளையின் அக்குளில் கட்டைவிரலைக் கொடுத்ததும் அவள் முகம் சுருங்கியது. மணிக்கட்டோரம் வீங்கியிருந்தது. எங்கே கீழே போட்டுவிடுவோமோ என்ற பயத்தில்தான் தொடாமலே இருந்திருக்கிறாள். கட்டைவிரலும் மணிக்கட்டும் அசையாதபடி ஒரு பட்டை போட்டேன். உள்ளங்கையைப் பிள்ளைக்கு அடியில் கொடுத்து, மார்போடு சேர்த்து எடுக்கப் பழக்கினேன். கொஞ்ச நாளைக்குத் துணி பிழிய வேண்டாம் என்றேன்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் எனக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே, "கை வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். கவிதா பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னாள்: "ஏன் தூக்கலன்னுதான் எல்லாரும் கேட்டீங்க அத்த. எங்க வலிக்குதுன்னு இவங்கதான் கேட்டாங்க."

நாலு பாட்டு

வரிச்சிக்குடி ஜெசிந்தா பள்ளிக்கூட டீச்சர், மாதா கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். பிரசவத்துக்குப் பிறகு தும்மினால், இருமினால், குரலை உயர்த்தினால் சிறுநீர் சொட்டும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பூசைக்கே போகாமல் இருந்தாள். சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று மாதம் விடாமல் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது: "இன்னிக்குப் பூசையில நாலு பாட்டும் நின்னுக்கிட்டே பாடினேன் மேடம். நடுவுல தும்மல்கூட வந்துச்சு. ஒண்ணும் ஆகல."

சூடான டீ

டவுனில் ரஹ்மத்துக்கு சிசேரியன் ஆகி இரண்டாவது மாதம். கணவர் துபாயில். வயிற்றுக்குப் பயிற்சி வேண்டும் என்றுதான் அவள் உம்மா என்னை அழைத்தார். போனால், அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை வாரியிருக்கவில்லை. சாயங்காலமானால் காரணமில்லாமல் அழுகிறாள் என்றார் உம்மா. அன்றைக்கே மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். மருந்து ஆரம்பித்தது.

என் பங்குக்கு, "ஒரு நாள்ல உங்களுக்குன்னு என்ன வேணும்?" என்று கேட்டேன். "சூடா ஒரு டீ" என்றாள். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் உம்மா பிள்ளையை வாங்கிக்கொள்வது, இவள் மாடியில் பதினைந்து நிமிஷம் டீயோடு உட்கார்வது என்று ஏற்பாடு. மூன்றாவது வாரம் நான் போனபோது தலை வாரி, கதவை அவளே திறந்தாள். எப்படி இருக்கீங்க என்றேன். "நேத்தும் அழுகை வந்துச்சு மேடம். ஆனா டீய குடிச்சு முடிச்சப்புறந்தான் வந்துச்சு."

குனியாதீங்க, குனியாதீங்க என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குனிந்துதான் கேஸ் சிலிண்டரை நகர்த்துகிறேன் என்பதை மட்டும் தயவுசெய்து இவர்களில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.